கொடுவாக் குஞ்சு சாகவில்லை

ஜூரோங் பக்கம் ஓர் ஆய்வகத்தில் 9 ஆண்டுகளாக மீன் எண்ணுகிறேன். உயிரோடு எத்தனை, செத்தது எத்தனை. இதெல்லாம் ஒரு வேலையா என்று மாமியார் இன்னும் கேட்கிறார்.

சிங்கப்பூரில் காகிதத்துக்கான மரக்கூழ் ஆலை கிடையாது. அக்கம்பக்கத்து நாடுகளின் கடலோர ஆலைகளிலிருந்து கழிவுநீர் சோதனைக்காக ஐஸ் பெட்டியில் வந்து சேரும். மூடியைத் திறந்தால் தே ஓ நிறம், பாலில்லாத தேநீர் மாதிரி. கூழை வெளுக்கும்போது மரத்திலிருந்து கழன்று வரும் லிக்னின் அது, மர நார்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள். அதில் உப்பைக் கலந்து கடல்நீர் பதத்துக்குக் கொண்டுவந்து, தொட்டிக்கு 10 கொடுவாக் குஞ்சுகளை விடுவோம். தேக்கா சந்தையில் சியாகாப் என்று கேட்டு வாங்கும் அதே மீன், விரல் நீளத்தில். 96 மணி நேரம், தினமும் எண்ணிக்கை. தீபாவளியன்றும் எண்ணியிருக்கிறேன்.

முதல் ஆண்டில் ஒருநாள் காலை ஒரு தொட்டியில் பத்தும் மல்லாந்து கிடந்தன. கடும் நஞ்சு என்று எழுதப் போனேன். எங்கள் மூத்தவர் தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். காற்றுக்குழாய் கழன்று கிடந்தது. கழிவைத் தின்ற நுண்ணுயிரிகள் ராத்திரியோடு ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டன. மறுபடி செய்ததில் ஒரு குஞ்சும் சாகவில்லை. எனக்கு நிம்மதி. அவருக்கு இல்லை.

"சாகலன்னா சரியாப்போச்சா தம்பி?"

கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து ஸ்வீடன் கதையைச் சொன்னார். குளோரின் வாயுவால் வெளுத்த காலத்தில் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகி மீன் கொழுப்பில் சேர்ந்தது. போத்னியா வளைகுடாவில் ஓர் ஆலைக்கு அருகே பெர்ச் மீன்கள் நன்றாகத்தான் நீந்தின. வயிற்றைக் கீறினால் சினைப்பை சிறுத்திருந்தது. பிறகு குளோரின் வாயுவுக்குப் பதில் குளோரின் டையாக்சைடு வந்தது. டையாக்சின் வெகுவாகக் குறைந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது குளோரேட் என்றோர் உப்பை மிச்சம் வைக்கும். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும். பழுப்புக் கடற்பாசி தாங்காது. 1980களில் பால்டிக் கரையில் ஆலைக் கழிவு கலந்த இடத்தில் பாசிப் பரப்பே காணாமல் போனது. குளோரேட்டை நைட்ரேட் என்று நம்பி உள்ளே இழுத்து, தன் நொதியாலேயே அதைக் குளோரைட் என்ற நஞ்சாக்கிக்கொள்கிறது பாசி. தன் கையாலேயே நஞ்சு காய்ச்சிக் குடிப்பது மாதிரி. பாசியில் ஒண்டியிருந்த நத்தை, மீன் குஞ்சு எல்லாவற்றுக்கும் வீடு போயிற்று. இத்தனைக்கும் ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் கழிவை நிறுத்தி வைத்தால் நுண்ணுயிரிகளே குளோரேட்டை, சாப்பாட்டு உப்பில் இருக்கும் வெறும் குளோரைடாக்கிவிடும்.

நம் தெற்குத் தீவுகளைச் சுற்றியும் சார்காசம் என்ற பழுப்புப் பாசி உண்டு. ஆண்டு இறுதியில் ஆளுயரம் வளரும். அதை வைத்துச் சோதிக்கலாமா என்று ஒரு வாடிக்கையாளரிடம் கேட்டேன். உரிமத்துக்கு மீன் போதும் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் எரிச்சல்.

மூத்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது கொட்டேஷன் போடுவது நான். ஒவ்வொன்றிலும் பாசிச் சோதனையைக் கடைசி வரியாகச் சேர்த்து அனுப்புகிறேன். இதுவரை இரண்டு பேர் அந்த வரியை அடிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒருவர் கவனிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.