ஒப்பந்தக் கோப்பில் இல்லாதவை

தமிழ்ப் பதிப்பகம் ஒன்றில் எழுத்தாளர் ஒப்பந்தங்களையும் உரிமை தொடர்பான கடிதப் போக்குவரத்தையும் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். பதிப்புத் துறையில் சட்டச் சிக்கல் என்றதும் வெளியில் இருப்பவர்களுக்குத் தடையும் போராட்டமும்தான் நினைவுக்கு வரும். என் மேசைக்கு வருபவை பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. எழுத்தில் இருந்திருக்க வேண்டிய ஒன்று எழுதப்படாமல் போனதால் முளைத்தவை அவை.

நம் பதிப்புலகம் நெடுங்காலம் நட்பை நம்பியே நடந்தது. பழைய கோப்புகளைப் பிரித்தால், ஒப்பந்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அஞ்சலட்டை இருக்கும். நாவலைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், சில பிரதிகள் அனுப்பிவைத்தால் போதும் என்று இரண்டு வரி, கீழே கையொப்பம். எழுதியவரும் வாங்கியவரும் உயிரோடு இருந்தவரை அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. இருவரும் மறைந்த பிறகு, எழுத்தாளரின் மகன் வேறொரு பதிப்பகத்துக்கு நூலைக் கொடுக்கிறார். பதிப்பாளரின் வாரிசோ, அப்பா உரிமையை மொத்தமாக வாங்கிவிட்டதாகச் சொல்கிறார். இரண்டு வீட்டிலும் அப்படித்தான் சொல்லிக் கேட்டு வளர்ந்திருப்பார்கள். யாரும் பொய் சொல்வதில்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இப்படிப்பட்ட இடைவெளிகளைத் தானே நிரப்பிக்கொள்கிறது என்பது துறையில் இருப்பவர்களுக்கே பல நேரம் வியப்பளிக்கிறது. உரிமை மாற்றம் எழுத்துமூலமாக, உரிமையாளரின் கையொப்பத்துடன் இருந்தால்தான் செல்லும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுகளுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால், ஐந்து ஆண்டுகள் என்றே அது கொள்ளும். எந்தெந்த நாடுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். அதாவது, காலத்தைப் பற்றிப் பேசாத ஒரு தாளை வைத்துக்கொண்டு எட்டாவது ஆண்டிலும் மறுபதிப்புப் போட்டுக்கொண்டிருக்கும் பதிப்பாளர், சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் பெட்டி பெட்டியாக அனுப்பும்போது, தம்மிடம் இல்லாத உரிமையையே விற்றுக்கொண்டிருக்கக்கூடும். உரிமையை வாங்கி ஓராண்டுக்குள் நூலைக் கொண்டுவராமல் கிடப்பில் போட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத நிலையில், அந்த உரிமை காலாவதியாகிவிடும். இந்தக் கடைசி விதியைத் தெரிந்துவைத்திருக்கும் எழுத்தாளர்கள் மிகச் சிலரே. ஆனால் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நடைமுறைக்கு வருமுன் கைமாறிய உரிமைகளுக்குக் காலம், நாடு, ஓராண்டுக் கெடு பற்றிய இந்த விதிகள் பொருந்தா என்று அதே பிரிவு சொல்வதால், பழைய அஞ்சலட்டைகளின் கதை இன்னும் சிக்கலாகிறது.

வாரிசுகள் விஷயத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுத்தாளர் மறைந்த பிறகும் அறுபது ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கிறது. உயில் இல்லையென்றால் அது வாரிசுகள் அனைவருக்கும் சேர்ந்தே போகிறது. சென்னையில் இருக்கும் மகள் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அச்சுக்கு அனுப்பிவிட முடியாது. வெளியூரில் இருக்கும் அண்ணனின் சம்மதக் கடிதமும் வேண்டும் என்று நான் கேட்கும்போது, என்னைக் குடும்பத்தில் கலகம் மூட்டுபவனாகப் பார்க்கிறார்கள்.

நாட்டுடைமை நூல்களில் இந்தத் தொல்லை இல்லை என்பது பொதுவான நம்பிக்கை. பாரதியின் படைப்புரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் பொதுவில் விட்டதில் தொடங்கி, வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கொடுத்து உரிமையை எல்லோருக்கும் திறந்துவிடும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. வரவேற்க வேண்டிய வழக்கம்தான். ஆனால் திறந்துவிடப்படுவது மூலநூல் மட்டுமே. கையெழுத்துப் படிகளையும் முதற்பதிப்புகளையும் ஒப்பிட்டு ஒரு பதிப்பாசிரியர் எழுதிய முன்னுரையும் அடிக்குறிப்பும் அவருக்குச் சொந்தம். அவருடைய பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்துவிட்டு, நாட்டுடைமை நூல்தானே என்று வாதாடுபவர்களை மெய்ப்பு பார்த்த கண் எளிதாகப் பிடித்துவிடும். அடிக்குறிப்பை நீக்கியிருப்பார்கள், சொல்லின் தலைமேல் இருந்த குறிப்பு எண் மட்டும் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

அவதூறு குறித்த வக்கீல் நோட்டீஸ் பெரும்பாலும் தன்வரலாறுகளுக்குத்தான் வருகிறது. பெயரை மாற்றினால் தப்பிவிடலாம், 'யாவும் கற்பனையே' என்று முதற்பக்கத்தில் போட்டால் போதும் என்ற எண்ணம் சரியல்ல. ஊரார் ஆளை அடையாளம் கண்டுகொண்டால் அதுவே வழக்குக்கு இடம் கொடுத்துவிடும். இறந்தவரைப் பற்றி எழுதியதும்கூட, குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால், குற்றவியல் சட்டத்தில் அவதூறாகலாம். அவதூறு என்று தெரிந்தே அச்சிடுவதும் குற்றம் என்பதால், சில அச்சகத்தார் பொறுப்பு முழுவதும் எங்களுடையது என்று கடிதம் கேட்பார்கள். அதை நான் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுதப்படாத தாள்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எழுதி வாங்கப்பட்ட தாள் செல்லாமல் போனதும் உண்டு. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்பு வலுத்தபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் கூட்டிய அமைதிப் பேச்சுவார்த்தையில் ஓர் உடன்பாடு எழுதிக் கையெழுத்தானது. அது யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பின் நகலை எங்கள் கோப்பிலும் வைத்திருக்கிறோம். அதுபோன்ற கூட்டத்துக்கு அழைக்கப்படும் எழுத்தாளரிடம், வழக்கறிஞர் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்ல அது ஒன்றே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

இப்போது சச்சரவு மின்னூலுக்கும் ஒலிநூலுக்கும் நகர்ந்திருக்கிறது. உரிமை மாற்றம் நடந்தபோது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஒரு வடிவம், ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டாலன்றி அதில் அடங்காது என்று 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. 'எல்லா உரிமைகளும்' என்ற ஒற்றை வரியைப் பதிப்பாளர்கள் இனி அவ்வளவாக நம்பியிருக்க முடியாது. இளம் எழுத்தாளர்கள் ஒப்பந்த வரைவைத் திருப்பி அனுப்பும்போது மொழிபெயர்ப்பையும் திரைப்படத்தையும் அடித்துவிட்டு அனுப்புகிறார்கள். செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குக் கொடுக்கக் கூடாது என்று ஓரத்தில் பேனாவால் எழுதியும் விடுகிறார்கள். அலுவலகத்தில் மூத்தவர்கள் சிலருக்கு இது நம்பிக்கையின்மையாகத் தெரிகிறது. எனக்கோ, இப்படி அடித்துத் திருத்திய வரைவோடு வரும் எழுத்தாளரிடம்தான் வேலை சுலபமாக முடிகிறது. ஆண்டு, நாடு, வடிவம், உரிமத்தொகை விழுக்காடு ஆகியவற்றை எதிரில் வைத்துப் பேசி, ஒவ்வொரு திருத்தத்தின் பக்கத்திலும் இருவரும் சுருக்கொப்பமிட்ட பிறகே மெய்ப்புப் படி அவருக்குப் போகிறது.