ஹோமருக்கென்ன, ‘சுலபமாக’ என்று சொல்லிவிட்டார்

ஏதென்ஸில் ஓர் இசைக்கருவிக் கடையில் நுழைந்து “லீரா இருக்கா?” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் முகம் மலர்ந்து, மூன்று தந்தியும் ஒரு வில்லும் உள்ள கிரீட் தீவு வாத்தியத்தைக் கையில் கொடுப்பார். தொடையில் நிறுத்தி வில் போட்டு வாசிக்கிற சமாச்சாரம் அது. “இது இல்லைங்க, பழங்காலத்துது... கித்தாரான்னு சொல்வாங்களே” என்று இழுத்தால் இன்னும் சந்தோஷமாக ஒரு கிடாரை எடுத்து நீட்டுவார். இன்றைய கிரேக்க மொழியில் கிடாருக்குப் பெயரே கித்தாராதான். ‘அர்ஹேயா லீரா’, அதாவது பழைய லீரா, ஆமை ஓடு, ஏழு நரம்பு என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினால்தான் வேலை நடக்கும்.

லைரா என்று நாம் சொல்லும் இந்தப் பழைய லீராவுக்கு நம் அகராதிகளைப் புரட்டினால் ‘யாழ்’ என்று போட்டிருக்கும். கிட்டத்தட்ட சரி. யாழில் நரம்பு பத்தர் என்ற ஒலிக்கூட்டிலிருந்து கிளம்பி நேரே கோடு என்ற வளைந்த தண்டுக்கு ஏறிவிடும், ஹார்ப்புக்கு உறவு. லைராவில் நரம்பு கீழே ஒரு கொக்கியில் ஆரம்பித்து, தோலின் மேல் நின்று நரம்பைத் தாங்கும் ‘குதிரை’ என்ற சின்னக் கட்டையைத் தாண்டி, இரண்டு கொம்புகளுக்கு நடுவே கிடக்கும் குறுக்குக் கட்டையில் போய் முடியும். கழுத்து கிடையாது, வீணையில் போல விரல் வைத்து அழுத்த மெட்டு கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். “ஏழே ஏழு நரம்பு, இதில் என்ன கஷ்டம்?” என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த நினைப்பு சுருதி சேர்க்க உட்காரும்வரை தாங்கும்.

கிரேக்கப் புராணக் கதைப்படி இதைக் கண்டுபிடித்தவன் ஹெர்மீஸ் என்ற தெய்வம். விடியலில் பிறந்தான், உச்சிவேளைக்குள் ஓர் ஆமையைப் பிடித்து ஓட்டில் மாட்டுத்தோல் போர்த்தி, ஆட்டுக்குடல் நரம்பு ஏழு கட்டி வாசித்தான், சாயங்காலம் அண்ணன் அப்பல்லோவின் மாடுகளைத் திருடினான். பிறந்த அன்றைக்கே! நாற்பது வயதில் கற்க வருகிறவருக்கு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. சாக்ரடீஸ் கதையைச் சொல்லலாம். அவர் வயதான பிறகு கொன்னோஸ் என்ற வாத்தியாரிடம் போனார். கூடப் படித்த பையன்கள் சிரித்தார்கள், வாத்தியாருக்கே ‘கிழவர்களுக்கு வாத்தியார்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

இப்போது ஆமைகளைத் தொந்தரவு செய்வதில்லை. தரை ஆமைகளை நாடு கடத்தி விற்பதற்கு உலக அளவில் கட்டுப்பாடு இருப்பதால், மரத்தைக் குடைந்த கிண்ணத்தில்தான் பெரும்பாலான லைராக்கள் வருகின்றன. மேலே ஆட்டுத்தோல். ஆகவே கையில் இருப்பது பாதி மத்தளம் என்பதை மறக்கக் கூடாது. மத்தளத்துக்கு உள்ள நோய் எல்லாம் இதற்கும் உண்டு. மழை பெய்தால் தோல் தளரும், குதிரை ஒரு மயிரிழை கீழே இறங்கும், ஏழு நரம்பும் சேர்ந்து சுருதி இறங்கும். வெயில் ஏறினால் எல்லாம் ஏறும். அவசரப்பட்டு முடி உலர்த்தும் கருவியைப் பிடிப்பவர்கள் உண்டு. ஒரு முழத் தூரத்தில் வைத்து, நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே, அரை நிமிஷத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஒரே இடத்தில் காட்டினால் தோல் கிழியும். வீட்டில் நாய் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை: கடையில் நாய் கடிக்க விற்கிற எலும்பு வடிவத் துண்டும் இந்தத் தோலும் ஏறக்குறைய ஒரே சரக்கு. உங்களுக்கு அது அப்பல்லோவின் வாத்தியம், அதற்குச் சாயங்காலப் பலகாரம்.

இனி முக்கியமான வில்லனுக்கு வருவோம். பெயர் கொல்லொப்ஸ்.

வீணைக்குப் பிருடை இருக்கிறது, திருகினால் நிற்கும். லைராவில் அதற்குப் பதில் ஒரு தோல் பட்டை. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் அகலம், சொரசொரப்பான பக்கம் கட்டையைப் பார்க்க வேண்டும். நரம்பின் நுனியைப் பட்டையின் மேல் வைத்து, பட்டையையும் கட்டையையும் சேர்த்து இரண்டு மூன்று சுற்று, ஒரு சுற்று முந்தின சுற்றின் மேல் ஏறி அதை அமுக்குகிற மாதிரி. பிறகு மொத்தச் சுருளையும் கட்டைவிரலால் அழுத்தி உருட்டினால் நரம்பு இறுகும். உராய்வு ஒன்றுதான் பிடிமானம். நம் பழைய யாழிலும் கோட்டைச் சுற்றிய வார்க்கட்டுதான். திவவு என்று பெயர். பெண்ணின் முன்கை வளைகள் மாதிரி வரிசையாக இருக்கும் என்று சங்கப் பாட்டில் வருகிறது. அந்த வளைகளை உருட்டி உருட்டி எத்தனை பாணருக்குக் கட்டைவிரல் காய்த்ததோ, அது பாட்டில் வரவில்லை.

உருட்டினால் என்ன ஆகும்? இறுகும், இறுகும், கேட்க வேண்டிய சுரத்துக்கு ஒரு நூல் முன்னால் நிற்கும். இன்னும் கொஞ்சம் என்று அழுத்துவீர்கள். ‘சர்ர்ர்’ என்று ஒரேயடியாக அவிழ்ந்து பழைய இடத்துக்குப் போய்விடும். கட்டை வழவழப்பாக மெருகேற்றியிருந்தால் கண்டிப்பாக இப்படித்தான். அழகுக்கு வார்னிஷ் அடித்த கட்டையை வாங்கியவர் உப்புத்தாள் எடுத்துத் தேய்த்தே ஆக வேண்டும். வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினைப் பொடித்து ஒரு சிட்டிகை தடவலாம். இரண்டு சிட்டிகை ஆனால் எதிர்க்கட்சி: பட்டை ஒட்டிக்கொண்டு அசையாது, அசைந்தால் ஒரு முழு சுரம் தாவும்.

கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிஸி காவியத்தில், 21ஆம் காண்டத்தில் ஒடிஸியஸ் தன் பெரிய வில்லுக்கு நாண் ஏற்றுகிறான். லைராவில் தேர்ந்த பாடகன் புதுக் கொல்லொப்ஸில் நரம்பை எவ்வளவு சுலபமாக ஏற்றுவானோ அவ்வளவு சுலபமாக ஏற்றினான் என்கிறார் ஹோமர். அடுத்து அம்பை எடுத்துக் கூடத்தில் இருந்த மாப்பிள்ளை வேட்பாளர்கள் அத்தனை பேரையும் தீர்த்துக்கட்டுகிறான். மனைவி பெனலோப்பிக்காக என்று எல்லோரும் சொல்கிறார்கள். லைராவுக்கு நரம்பு மாற்றியவர்களுக்கு வேறொரு சந்தேகம் உண்டு.

சரி, கணக்குக்கு வருவோம். நரம்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே நீளம், 42 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளமும் இழுவையும் ஒன்றாக இருந்தால் ஒரு ஸ்தாயி கீழே போக நரம்பின் பருமன் இரண்டு மடங்காக வேண்டும். குடல் நரம்பில் மேல் சுரத்துக்கு 0.5 மில்லிமீட்டர், கீழ் சுரத்துக்கு 1 மில்லிமீட்டர். ஒவ்வொன்றிலும் சுமார் 2 கிலோ இழுவை. ஏழுக்கும் சேர்த்து 14 கிலோ. வீட்டு சிலிண்டரில் அடைத்திருக்கிற காஸின் எடை! அந்தப் பாரத்தில் ஒரு பகுதியை மெல்லிய தோலின் மேல், ஒட்டாமல் சும்மா நிற்கிற ஒரு குதிரை தாங்குகிறது. அதனால்தான் நரம்பு மாற்றும்போது ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்ட வேண்டும். சுத்தமாகத் துடைக்கலாமே என்று ஏழையும் ஒன்றாக அவிழ்த்தால் குதிரை சாய்ந்து சோபாவுக்கு அடியில் போகும். அது நின்ற இடத்தைப் பென்சிலால் குறித்து வைக்காதவர் மறுபடி ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதி வைக்க வேண்டியதுதான்.

இன்னொன்றும் உண்டு. ஏழாவது நரம்பை முறுக்கி முடிக்கும்போது முதல் நரம்பு இறங்கியிருக்கும். வாத்தியத்தில் கோளாறு இல்லை. ஒவ்வொரு நரம்பும் இறுக இறுகக் கட்டை கொஞ்சம் வளைகிறது, தோல் கொஞ்சம் அமுங்குகிறது, ஏற்கெனவே கட்டியவை தளர்கின்றன. முதல் சுற்றில் எதையும் துல்லியமாக்காமல் எல்லாவற்றையும் அரைகுறையாக ஏற்றுங்கள். இரண்டாவது சுற்றில் கிட்டே கொண்டுவாருங்கள். மூன்றாவதில்தான் காதைத் தீட்ட வேண்டும். கற்பவர்கள் முதல் சுற்றிலேயே செல்போன் செயலியின் முள் பச்சைக்கு வரும்வரை மல்லுக்கட்டுவார்கள். அரை மணி போனதே தெரியாது.

துவக்கம் நடு நரம்பு. அதற்கு மெசே என்று பெயர், ‘நடு’ என்றே அர்த்தம். மெசே பிசகினால் மற்ற எல்லாமே பிசகினதாகக் கேட்கும் என்று அரிஸ்டாட்டில் பெயரில் உள்ள பழைய கேள்வி பதில் ஒன்று சொல்கிறது. மற்ற பெயர்கள்தான் வம்பு. ‘மிக மேலே’ என்று அர்த்தம் வரும் ஹுபாட்டே கீழ் சுரம் பாடும். ‘மிகக் கீழே’ என்ற நேட்டே உச்ச சுரம் பாடும். சுருதியைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, நரம்பு இருக்கிற இடத்தைப் பார்த்து வைத்தது. “மேல் நரம்பை ஏத்துங்க” என்று வாத்தியார் சொன்னால் எந்த மேல் என்று கேட்டுவிட்டு ஏற்றுவது நரம்புக்கு நல்லது.

நமக்குச் சுலப வழி, மெசேயை ச என்று வைத்துக்கொள்வது. 220 ஹெர்ட்ஸ். அதற்கு மேல் ப 330, கீழ் ப 165. இரண்டு பவும் ஒன்றோடொன்று இழைகிறதா என்று பாருங்கள். சவிலிருந்து ம 293. மவுக்குக் கீழே நி 196. கீழ் பவிலிருந்து ரி 247.5. எல்லாம் ச-ப, ச-ம உறவுதான், காது தானாகப் பிடிக்கும். மிச்சம் க. அதற்கு ஜோடி சேர இந்த ஏழில் யாரும் இல்லை. அந்தர காந்தாரத்தைச் சவோடு வைத்து அலை அடங்கும்வரை கேட்டு, 275ல் நிறுத்த வேண்டும்.

ப, நி, ச, ரி, க, ம, ப. த இல்லாததால் ச மூன்றாவதாக நிற்கிறது, மெசே இங்கே பெயருக்குத்தான் நடு. அது சரி, நடுவில் த எங்கே என்று கேட்பீர்கள். அதைக் காவு கொடுத்தது செய்கிலோஸ் பாட்டுக்காக. 1883ல் துருக்கியின் அய்தின் பக்கம் கிடைத்த ஒரு கல்லில் இருக்கும் கிரேக்கப் பாட்டு. எழுத்தும் சுரக்குறிப்புமாக முழுசாகத் தப்பிய பழம்பாட்டு. நடுவில் அந்தக் கல்லின் அடியை அறுத்துச் சமமாக்கி ஒரு வீட்டில் பூந்தொட்டி வைத்திருந்தார்கள். இப்போது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. இருக்கும்வரை ஒளிவிடு, எதற்கும் வருந்தாதே என்று ஆரம்பிக்கிறது. ச ப ப, கமப ம. பாடிப் பாருங்கள், உடனே ஒட்டிக்கொள்ளும். தொல்லை என்னவென்றால் பாட்டுக்கு எட்டு சுரம் வேண்டும், நரம்பு ஏழு. மேல் பவை விட்டால் இரண்டாவது சுரத்திலேயே மாட்டிக்கொள்வோம். கீழ் பவை விட்டால் பாட்டு முழுக்க ஜோராகப் போய், கடைசி சுரத்துக்கு வரும்போது விரல் காற்றைத் துழாவும். த மட்டும் கடைசி அசையில் ஒரே ஒரு தடவை வருகிறது, ச-த-ப என்று இறங்கும்போது. அதைத் தொண்டையால் பாடிச் சமாளித்துவிடலாம். எட்டு நரம்பு கட்டிய லைராக்களும் விற்கிறார்கள். அதை வாங்குகிறவர் கூடுதலாக ஒரு கொல்லொப்ஸோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

வாசிக்கிற விதம் தனிக் கூத்து. வாத்தியத்தை இடது தொடையில் சாய்த்து, வாரை இடது மணிக்கட்டில் மாட்டுங்கள். வலது கை முன்பக்கம், மீட்டுகோலோடு. இடது கை நரம்புகளுக்குப் பின்னால். பழைய பானை ஓவியங்களில் வலது கை வீசி முடித்து வெளியே நீட்டியிருக்கும், இடது கை விரல்கள் நரம்புகளுக்குப் பின்னால் விறைப்பாக விரிந்திருக்கும். அந்த இடது கைக்கு வாசிப்பதை விட வாயடைப்பதுதான் வேலை. வலது கை ஏழையும் ஒரே வீச்சில் வாரும். வேண்டாதவற்றை இடது கை தொட்டு ஊமையாக்கும். எத்தியோப்பியாவின் லைரா வகையான க்ரார் இன்றும் இப்படி வாசிக்கப்படுகிறது; லைரா கற்பவர்கள் அதைப் பார்த்துத்தான் கையைத் திருத்திக்கொள்கிறார்கள்.

விரல் ஐந்து, நரம்பு ஏழு. ஒன்றை மட்டும் ஒலிக்கவிட ஆறை அடக்க வேண்டும். ஒரு விரலை இரண்டு நரம்புக்கு நடுவே ஆப்பு மாதிரி செருகினால் இரண்டும் அடங்கும். கட்டைவிரல் இதற்குத் தோது. நுனி விரலால் லேசாகத் தொடுகிறவர்களுக்கு ஒரு பேய் காத்திருக்கிறது: தொட்ட இடம் சரியாக நரம்பின் பாதியாக இருந்தால், ஊமையாவதற்குப் பதில் ஒரு ஸ்தாயி மேலே கணீரென்று ஒலிக்கும். வீட்டில் யாரோ கரண்டியால் டம்ளரைத் தட்டின மாதிரி இருக்கும். விரலின் சதைப்பகுதியை அகலமாக வைத்து, பாதியை விட்டு அரை அங்குலம் தள்ளித் தொட்டால் பேய் போகும். அதன் பிறகும் ‘ஙொய்ங்’ என்று இரைந்தால் பட்டையின் வெட்டாத வால் கட்டையில் மோதுகிறது; கத்தரிக்கோல் போதும்.

சத்தத்தைப் பற்றிப் பயம் வேண்டாம். லைரா வீட்டு வாத்தியம். அரங்கத்துக்கு அந்தக் காலத்து மரப்பெட்டி கித்தாரா (இன்றைய கிடார் அல்ல) இருந்தது. பாடத் தொடங்கியதும் சபை காலியாகிவிடும் ஒரு கித்தாரா பாடகரை டயோஜெனஸ் என்ற தத்துவஞானி “வா சேவலே” என்று கூப்பிட்டாராம். ஏன் என்றால், கூவினதும் எல்லோரையும் எழுப்பிவிடுகிறாரே. லைராவில் அடுத்த அறைக்காரரைக்கூட எழுப்ப முடியாது. இருந்தாலும் ஏதென்ஸ் அடுக்குமாடியில் இருப்பவர் கோடையில் பிற்பகல் 3 முதல் 5.30 வரை அமைதி நேரம் என்ற சட்டத்தை மதித்து வாத்தியத்தைக் கீழே வைக்க வேண்டும். வைக்கும்போது பால்கனி ஓரத்தில் வைக்காதீர்கள். மறந்து வைத்தவர் 5.30க்கு எடுத்து ச என்று ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். அது ரி என்கும்.