கரடியின் குரலைத் தேடி லாஸ் ஏஞ்சலஸில்

அனஹைம் டிஸ்னிலேண்டில் ஸ்பிளாஷ் மவுண்டன் படகில் ஏறியவர்கள் கறுப்பின நடிகர் நிக் ஸ்டூவர்ட்டின் குரலைப் பெயர் தெரியாமலே கேட்டிருப்பார்கள். பிரேர் பேர் என்ற கரடியின் கனத்த, தூக்கம் கலையாத பேச்சு அவருடையது. 1946-ல் டிஸ்னியின் 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தில் பேசியதை, எழுபது வயதைத் தாண்டிய பிறகு 1989-ல் திறந்த இந்தச் சவாரிக்காக மறுபடியும் பேசிக் கொடுத்தார்.

இப்போது போனால் அந்தக் குரல் கிடைக்காது. 2023 மே 31-ல் சவாரியை மூடி, 2024 நவம்பரில் 'டியானாஸ் பேயூ அட்வென்ச்சர்' ஆக்கிவிட்டார்கள். கால்வாயும் சுமார் 16 மீட்டர் சறுக்கலும் மட்டும் பழையவை. முன் இருக்கையில் உட்கார்ந்தால் நனைவது உறுதி, போனை ஜிப் பையில் போட்டுவிடுங்கள். படத்தைப் பார்க்கலாம் என்றால், அமெரிக்காவில் அது வீட்டு வீடியோவாக வெளிவந்ததே இல்லை, டிஸ்னி பிளஸ்ஸிலும் கிடையாது.

ஆகவே ஸ்டூவர்ட்டைத் தேடுகிறவர்கள் போகவேண்டிய இடம், அவருடைய தியேட்டர் இருந்த லாஸ் ஏஞ்சலஸின் வாஷிங்டன் புலவார்டு. நியூயார்க்கின் ஹார்லெமில் நடனக்காரராகத் தொடங்கி, 1930-களில் ஹாலிவுட்டுக்கு வந்தவர். 1951-ல் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஏமஸ் அண்ட் ஆண்டி' தொடரில் லைட்னின் என்ற மந்தமான வேலைக்காரர் வேடம். அந்தத் தொடர் கறுப்பின மக்களை இழிவுபடுத்துகிறது என்று கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி கடுமையாக எதிர்த்தது. எதிர்ப்பு நியாயமானது. அதே வேடத்தில் வந்த சம்பளத்தைத்தான், 1950-ல் மனைவி எட்னாவோடு தொடங்கிய எபனி ஷோகேஸ் தியேட்டருக்குள் கொட்டினார். திரையில் வேலைக்காரி, எடுபிடி என்றே கிடைத்துவந்த நடிகர்களுக்கு அங்கே முழு வேடங்கள் கிடைத்தன. அவர் வாழ்க்கையில் பெரிய வேலை இதுதான், கரடி அல்ல.

நகர மையத்தின் செவன்த் ஸ்ட்ரீட் மெட்ரோ சென்டரில் ஈ லைன் ரயில் ஏறி எக்ஸ்போ/லா பிரேயாவில் இறங்குங்கள். அங்கிருந்து 212-ஆம் எண் பஸ்ஸில் வடக்கே போய் வாஷிங்டன் சந்திப்பில் இறங்கி, கிழக்கே நடந்தால் 4718-ஆம் எண். எதிர்த்திசை பஸ் ஏறினால் இங்கிள்வுட் பக்கம் போய்விடுவீர்கள். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டாப் (TAP) என்ற கட்டண கார்டு ஒன்றே போதும். கார்டில் கட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள் மாறி ஏறத் தனிக் கட்டணம் இல்லை. காசாகக் கொடுத்தால் அந்தச் சலுகை போய்விடும்.

போய்ச் சேர்ந்ததும் பழைய தியேட்டரைத் தேடாதீர்கள். 1990-களில் அது ஸ்டூவர்ட் தம்பதியின் கையைவிட்டுப் போனது, பிறகு இடிக்கப்பட்டது. அதே இடத்தில் இப்போது நகராட்சியின் நேட் ஹோல்டன் கலையரங்கம் இருக்கிறது: 400 இருக்கைப் பெரிய அரங்கு, 99 இருக்கைச் சிறிய அரங்கு. பகலில் போனால் வெளிச்சுவரைத்தான் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். நிகழ்ச்சி உள்ள மாலையாகப் பார்த்து டிக்கெட் எடுத்துப் போங்கள்.