தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம்: நடை சாத்தும் நேரத்தை வைத்துப் போடும் மூன்று நாள் திட்டம்

டெல்டா பக்கம் கோயில் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் தூரத்தை வைத்துத்தான் திட்டம் போடுகிறார்கள். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் 40 கிலோமீட்டர், அங்கிருந்து கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 35, தாராசுரம் கும்பகோணத்தை ஒட்டியே இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும் போலத் தெரியும். ஆனால் பகல் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகிவிடும். காலையில் ஒரு கோயிலைப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போய்ச் சேரும்போது கதவு மூடியிருக்கும், தரை கொதிக்கும். அதனால் முதலில் இந்த நாலு மணி நேரத்தை எங்கே கழிப்பது என்று முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் தானாக அமையும்.

மூன்று நாள் வேண்டும். முதல் இரவு தஞ்சாவூர், அடுத்த இரவு கும்பகோணம். சென்னையிலிருந்து வந்தால் எழும்பூரில் இரவு கிளம்பும் உழவன் எக்ஸ்பிரஸ் காலையில் தஞ்சாவூரில் இறக்கிவிடும். விமானத்தில் வருபவர்களுக்குத் திருச்சிதான் பக்கம், அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

முதல் நாள் பகலை அரண்மனைக்குக் கொடுங்கள். வெயில் நேரத்துக்கு ஏற்ற இடம் அதுதான். உள்ளே கலைக்கூடம், சரசுவதி மகால் அருங்காட்சியகம் என்று தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். நேரம் குறைவாக இருந்தால் கலைக்கூடத்தின் செப்புத் திருமேனிகளை மட்டும் பாருங்கள். அதிலும் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர், அதாவது காளை மேல் சாய்ந்து நிற்கும் சிவன், முன்னால் கால் மணி நேரமாவது நில்லுங்கள். பாம்போடு சேர்த்துச் சுற்றிய சடை தலைப்பாகை மாதிரி இருக்கும். வலது கை எதன் மேலோ சாய்ந்திருக்கிறது, ஆனால் சாய்ந்துகொள்ளக் காளை இல்லை. அந்தக் கை நிற்கும் விதத்தைப் பார்த்தாலே காளையின் உயரம் நமக்குத் தெரிந்துவிடும். 1011-ஐ ஒட்டிய வார்ப்பு இது. பெரிய கோயில் முடிந்தது 1010-இல். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

நாலு மணிக்குப் பெரிய கோயில். பிரதோஷ நாளாக இருந்தால் நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும், சிற்பம் பார்க்க முடியாது. கிளம்பும் முன் காலண்டரைப் பாருங்கள். செருப்பை வெளியே விட வேண்டும் என்பதால் தடித்த காலுறை ஒரு ஜோடி அவசியம். கோடையில் மாலை ஐந்து மணிக்குக்கூட அந்தக் கல்தரையில் குழந்தைகளால் நிற்க முடியாது. கருவறை மேல் எழும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று சொல்வார்கள். விழும், மாலையில் நீங்களே பார்க்கலாம். உச்சி ஒரே கல் என்பதும் அப்படித்தான், பல கற்களைச் சேர்த்து அமைத்தது. 216 அடி விமானத்தின் பெருமைக்குக் கட்டுக்கதை எதுவும் தேவையில்லை. இன்னொன்று: நந்தி நாயக்கர் காலத்தது, முருகன் சன்னிதியும் அப்படியே. எல்லாவற்றையும் ராஜராஜன் கணக்கில் எழுதினால் கோயிலின் வயது புரியாமல் போய்விடும்.

இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு மறுபடியும் அங்கேயே போங்கள். கல்வெட்டு படிக்க உச்சி வெயில் உதவாது. வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் வெட்டிய எழுத்தில் நிழல் நின்று தெளியும். அடித்தளத்தைச் சுற்றி நடந்தால் தான் கொடுத்ததையும் தன் அக்கன் (அக்காள்) கொடுத்ததையும் தன் பெண்டுகள் (அரசியர்) கொடுத்ததையும் கல்லிலே வெட்டச் சொன்ன அரசனின் ஊர் இது என்பது உறைக்கும். தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடல் பணி செய்த பெண்கள், 400 பேரின் பெயரும், யாருக்கு எந்தத் தெருவில் எந்த வீடு என்பதும் இந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கின்றன.

எட்டரைக்குக் கிளம்பி கும்பகோணத்துக்குப் பழைய சாலையில் போங்கள். புதிய நான்கு வழிச் சாலை வேகம்தான், ஆனால் பசுபதிகோயில் பக்கத்துப் புள்ளமங்கையை விட்டுவிடுவீர்கள். முதலாம் பராந்தகன் காலத்துச் சிறிய கோயில். அடித்தளத்தில் உள்ளங்கை அளவு சதுரங்களில் ராமாயணம் ஓடுகிறது. வடக்குச் சுவரில் தலைக்கு மேல் குடை, இரு பக்கமும் சிங்கமும் மானும் என்று எருமைத் தலை மேல் நிற்கும் துர்க்கை. கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். குருக்கள் வீட்டைத் தெருவில் கேட்டுப் போய்ப் பணிவாகக் கூப்பிட்டால் பெரும்பாலும் வந்து திறப்பார்.

பகலுக்குச் சுவாமிமலையின் சிலை வார்ப்புப் பட்டறைகள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். வார்த்ததும் அச்சை உடைப்பதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான். நேற்று பார்த்த ரிஷபவாகனர் எப்படிப் பிறந்தார் என்பது இங்கே விளங்கும். பட்டறைக்குள் போகும் முன் ஸ்தபதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வார்ப்பு நடக்கும்போது தள்ளி நில்லுங்கள். மாலை கும்பகோணம் நாகேசுவரன் கோயில். கருவறைச் சுவரின் மாடங்களில் ஆள் அளவுக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும் ஆண், பெண் உருவங்களைப் பாருங்கள், சோழர் கலையின் தொடக்க காலத்து அழகு அது.

மூன்றாம் நாள் விடிந்ததும் கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே உள்ள கீழணையின் மேல் போகும் பாலம் பழையது, குறுகல், கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. பெரிய சுற்றுலாப் பேருந்தில் வருபவர்கள் ஓட்டுநரிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். பேருந்து என்றால் அணைக்கரை வழியாக ஜெயங்கொண்டம் போகும் வண்டியா என்று கேட்டு ஏறுங்கள். அந்தக் கீழணை 1836-இல் கட்டப்பட்டபோது நீங்கள் பார்க்கப் போகும் கோயிலின் மதில் கற்களைத்தான் பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். கடக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள், இடிந்த மதிலைப் பார்க்கையில் மனசு கனக்கும்.

தஞ்சை விமானம் நேர்கோட்டில் ஏறும். ராஜேந்திரன் இங்கே கட்டியது மேலே போகப்போக உள்வாங்கி வளையும், உயரமும் குறைவு. தஞ்சை கண்ணில் இருக்கும்போதே பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். வடக்கு வாசல் படியருகே, அடியார் சண்டேசருக்குச் சிவன் தலையில் கொன்றை மாலை சுற்றும் சிற்பம். பக்கத்தில் உமை. குனிந்த தலை, கூப்பிய கை, பூவைச் சுற்றும் விரல்களின் நிதானம். எதிர்ப்பக்கம் ஞான சரசுவதி. ஐப்பசிப் பௌர்ணமியில் இங்கே அன்னாபிஷேகம், பெருங்கூட்டம். கும்பிட வருபவர்கள் அன்று வரட்டும், சிற்பம் பார்க்க வருபவர்கள் அந்த நாளைத் தவிர்க்கவும்.

பதினொன்றுக்குத் திரும்பி சாப்பிட்டு ஓய்வெடுத்து, நாலு மணிக்குத் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. இங்கே அண்ணாந்து பார்க்க வேண்டாம், குனிந்து பாருங்கள். கருவறையைச் சுற்றி அறுபத்துமூவர் கதைகள் ஒரு சாண் உயரத்தில் வரிசையாக இருக்கின்றன, முதலை உண்ட பாலனைச் சுந்தரர் மீட்டதையும் தேடினால் பிடித்துவிடலாம். ஒலிக்கும் படிகளைக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள். தட்டிப் பார்த்தே தேய்த்த பிறகு வேறு வழியில்லை, கம்பிக்குள் கைவிட வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் பயிர் பச்சையாக இருக்கும், ஆனால் மழையும் கூடவே வரும். தாராசுரம் கோயில் தெருமட்டத்துக்குத் தாழ்வு என்பதால் முற்றத்தில் தண்ணீர் தேங்கும். தை, மாசிதான் நல்லது. அப்போதும் பெரிய முகூர்த்த நாளில் கும்பகோணத்தில் அறை கிடைக்காது. சனி, ஞாயிறில் நவக்கிரகக் கோயில் சுற்றுபவர்கள் விடுதிகளை நிரப்பிவிடுவார்கள். செவ்வாய் காலை தஞ்சாவூரில் இறங்கி வியாழன் இரவு கும்பகோணத்தில் ரயில் ஏறுகிற மாதிரி சீட்டு எடுங்கள்.