திருவாரூர் சாயரட்சை: உட்கார்ந்தபடி ஆடுகிறவரைக் கேட்பது

திருவாரூருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் போய் வன்மீகநாதரையும் தியாகராஜரையும் கும்பிட்டுவிட்டு, கமலாலயக் கரையில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறார்கள். அது பாதித் தரிசனம்தான். மதியம் சாத்திய நடை மாலை 4 மணிவாக்கில் திறக்கும். 5.30 மணிக்குள் தியாகராஜர் சன்னதி முன் இடம் பிடித்துவிடுங்கள். 6 மணிக்கு நடக்கும் மாலைப் பூசையான சாயரட்சைக்குத் தேவர்களே வந்து நிற்பதாக ஐதீகம். கூட்டம் வழிபாட்டுக்கு வரட்டும்; நீங்கள் காதையும் கொண்டு போங்கள்.

ஏனென்றால் இங்கே கண்ணுக்குக் கிடைப்பது குறைவு. தியாகராஜர் சோமாஸ்கந்த மூர்த்தி, அதாவது உமையோடும் குழந்தை முருகனோடும் அமர்ந்த சிவன். அவர் முகமும் அம்பாள் முகமும் மட்டும்தான் தெரியும். மற்றதெல்லாம் பட்டுக்கும் மாலைக்கும் உள்ளே. பாதம் காட்டுவது கூட ஆண்டில் இரண்டு நாள்தான்: மார்கழித் திருவாதிரையில் ஒன்று, பங்குனி உத்திரத்தில் மற்றொன்று. தில்லைக் கூத்தன் காலைத் தூக்கி ஆடுகிறான், ஆட்டம் சிலையிலேயே தெரிகிறது. ஆரூர்க்காரரோ உட்கார்ந்தபடியே ஆடுகிறவர்.

அந்த ஆட்டத்தின் பெயர் அஜபா நடனம். திருமால் தியாகராஜரைத் தம் மார்பில் வைத்துப் பூசித்தார் என்பது தலபுராணம். மூச்சு ஏறும்போது மார்பு உயரும், இறங்கும்போது தாழும். அந்த ஏற்ற இறக்கமே நடனம். ‘அஜபா’ என்றால் ஜபிக்கப்படாதது, வாயால் சொல்லாமல் மூச்சே சொல்லும் மந்திரம். யோக நூல்கள் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று கணக்குச் சொல்கின்றன. நிமிடத்துக்கு 15 என்று வைத்துப் பெருக்கினால் சரியாக வரும். சிதம்பரத்துப் பொன்னம்பலத்தில் வேய்ந்த ஓடுகளுக்கும் இதே எண்ணைத்தான் சொல்வார்கள். சுவாமி எழுந்தருளும் நாட்களில் தாங்கிகள் அவரை முன்னும் பின்னும் அசைத்துக் கொண்டுவருவது இந்த மூச்சைத்தான். அது தெரியாதவர்கள், ஏன் நேரே நடக்காமல் தள்ளாடுகிறார்கள் என்று பக்கத்தில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இனி சாயரட்சையில் காதால் கேட்க வேண்டிய பஞ்சமுக வாத்தியம், ஐந்து முகம் கொண்ட முழவு. பழைய பெயர் குடமுழா. வெண்கலக் குடம் ஒன்று, அதன் மேல் ஐந்து வாய்கள், ஐந்திலும் மான் தோல். நடுவாய் பெரியது. சுற்றியுள்ள நான்கில் ஒன்றில் பாம்பு சுற்றியிருக்கும், ஒன்று சுவஸ்திக வடிவம், ஒன்று தாமரை, ஒன்று எந்த அடையாளமும் இல்லாத வெறும் வாய். சத்யோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம் என்ற சிவனின் ஐந்து முகங்கள் இவை. எந்த வாய்க்கு எந்த முகம் என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அதில் சிக்கிக்கொள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. வாய் ஐந்தானாலும் உள்ளே அடைபட்ட காற்று ஒன்றே. ஒரு முகத்தில் அடித்தால் குடம் முழுக்க அதிர்கிறது. முகம் ஐந்து, உடல் ஒன்று என்ற சைவ சித்தாந்தப் பாடத்தை வார்ப்புக்காரர் உலோகத்தில் செய்து வைத்துவிட்டார்.

கூடவே சுத்த மத்தளம் ஒலிக்கும். முதலில் மத்தளத்தைப் பிரித்தறிந்துகொண்டு, பிறகு குடத்தின் கனத்த நாதத்துக்குக் காதைத் திருப்பினால் எளிது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் வெறும் முழக்கமாகத்தான் கேட்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் ஈரம் குடித்துத் தளரும், சுருதி இறங்கும், முகத்துக்கு முகம் உள்ள வித்தியாசம் மங்கும். பங்குனி வெயிலில் கேட்டால் தெளிவு. மணியும் அடிக்க ஆரம்பித்துவிட்டால் எந்த மாதமானாலும் கஷ்டம்தான். கொஞ்சம் தள்ளித் தூண் பக்கமாக நில்லுங்கள்.

நாகசுரத்தில் இந்தக் கோயிலுக்கென்றே பாரி நாயனம் உண்டு. புறப்பாட்டில் மல்லாரி என்ற இசை வகையை வாசிப்பார்கள்: கம்பீரநாட்டை ராகம், சாகித்யம் (பாட்டு வரி) கிடையாது, தத்தகாரம் என்ற தாளச் சொற்கட்டு மட்டும். தீர்த்தம் கொண்டுவர ஒன்று, தளிகைக்கு (நைவேத்தியத்துக்கு) ஒன்று, தேருக்கு ஒன்று என்று வகை பிரித்து வைத்திருப்பதால், வெளி வீதியில் நிற்பவருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று காதாலேயே தெரிந்துவிடும். கம்பீரநாட்டையிலும் சுரம் ஐந்துதான்: ச, க, ம, ப, நி. குடமுழாவின் ஐந்து முகத்தோடு பொருத்திப் பார்க்கத் தோன்றும். அது நம் ஆசை, ஆகமம் அல்ல.

பூசை முடிந்ததும் வடமேற்கே கமலாம்பாள் சன்னதிக்கு நடங்கள். கால் மேல் கால் போட்டு யோகத்தில் அமர்ந்திருப்பவள். இவள் பிராகாரத்தில் அட்சர பீடம் இருக்கிறது, எழுத்துகளுக்கே பீடம். விளக்கு வெளிச்சம் போதாமல் பலர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். 1775-இல் இதே ஊரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் கமலாம்பா நவாவரணம் பாடியது இவள்மேல். அம்பாளின் யந்திரமான ஸ்ரீசக்கரத்தின் வெளிக்கோட்டிலிருந்து நடுப் பிந்து (புள்ளி) வரை உள்ள ஒன்பது ஆவரணங்களில், அதாவது சுற்றுகளில், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிருதி. ஒவ்வொன்றும் ஒரு ராகம், அதில் அம்பாள் பெயர் ஒரு வேற்றுமையில். முதலாவது ஆனந்தபைரவி, முதல் வேற்றுமை. இரண்டாவது கல்யாணி, இரண்டாம் வேற்றுமை. இப்படியே சங்கராபரணம், காம்போஜி, பைரவி, புன்னாகவராளி, சஹானா. எட்டாவதான கண்டாவில் விளி வேற்றுமை, ‘கமலாம்பிகே’ என்று நேருக்கு நேர் கூப்பிடுகிறார். ஒன்பதாவது ஆஹிரியில் எல்லா வேற்றுமைகளும் ஒரே பாட்டுக்குள் வந்து சேர்கின்றன. முன்னே தோடியில் தியானம், பின்னே ஸ்ரீராகத்தில் மங்களம். தொலைவில் நின்று ‘அவள் காக்கட்டும்’ என்று தொடங்கியவர் கிட்டே போகப் போக உறவு மாறுவதை இலக்கணமே காட்டிவிடுகிறது. நவராத்திரியில் நாளுக்கு ஒன்றாகக் கேட்பதே முறை. ஒரே உட்காரலில் பதினொன்றையும் கேட்டால் ஐந்தாவதிலேயே மனம் களைத்துவிடும், பிந்துவுக்குப் போய்ச் சேரும்போது காது இருக்காது.

தியாகராஜர் தலத்துக்கு ஒரு நடனமாக ஆடும் ஏழு ஊர்களை விடங்கத் தலங்கள் என்பார்கள், திருவாரூர் அதில் ஒன்று. இரண்டு நாள் கையில் இருந்தால் மற்ற ஆறையும் பார்த்துவிடலாம். திருநள்ளாற்றில் பித்தனைப்போல் உன்மத்த நடனம், நாகப்பட்டினத்தில் கடலலை, திருக்காறாயிலில் கோழி நடை, திருக்குவளையில் வண்டு, திருவாய்மூரில் காற்றில் அசையும் தாமரை, வேதாரண்யத்தில் அன்னம். திருநள்ளாற்றைச் சனிக்கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சனீஸ்வரன் வரிசையில் நின்றே பொழுது போய்விடும், தியாகராஜரை நினைக்கவே நேரமிருக்காது. வேதாரண்யத்துக்குத் திருத்துறைப்பூண்டி வழியாகப் போனால் அங்கே பிறவி மருந்தீசர் கோயிலில் இறங்குங்கள். அங்கும் ஒரு பஞ்சமுக வாத்தியம் இருக்கிறது.