தம்பியின் பீர் பானைக்குப் பினாங்கில் சேர்த்த சாமான்கள்

சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி, மால்ட் என்னும் முளைகட்டி உலர்த்திய தானியத்திலிருந்தே வீட்டில் பீர் காய்ச்சுவதற்கான சாமான்களைக் குறைந்த செலவில் பினாங்கில் சேர்த்துத் தரும்படி கேட்டிருந்தான். சிங்கப்பூரில் 2004ஆம் ஆண்டு முதல், 18 வயது நிரம்பியவர்கள் ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மிகாமல், சொந்தப் பயன்பாட்டுக்காக, உரிமமின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம். விற்கக் கூடாது, சாராயமாக வடித்து இறக்கவும் கூடாது. இங்கே மலேசியாவில் உரிமம் இல்லாமல் மது தயாரிக்க 1976ஆம் ஆண்டின் கலால் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே நான் செய்ததெல்லாம் சாமான்களைத் தேடியதும், பொருத்தியதும், வெறும் தண்ணீரைக் கொண்டு சோதித்துப் பார்த்ததும்தான்.

அந்த 30 லிட்டர் வரம்பே பாதிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஒரு தடவைக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 5 கிலோ மால்ட் தேவைப்படும். அது 4 லிட்டர் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரக் கொதிப்பில் இன்னொரு 4 லிட்டர் ஆவியாகும். ஆகவே 28 லிட்டரில் தொடங்க வேண்டும், தானியமும் 3 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும், கொதி வரும்போது நுரை பொங்கி எழும். இந்தக் கணக்குக்கு 40 லிட்டர்ப் பானை ஒன்று போதும். வெந்நீருக்கு ஒன்று, தானியத்தை ஊறவைக்க ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று என்று மூன்று பாத்திரங்களை அடுக்கும் பழைய முறையை நான் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். ஆஸ்திரேலிய வீட்டுக்காரர்கள் பிரபலமாக்கிய பை முறையில், தானியத்தைத் துணிப்பையில் இட்டு அதே பானையில் 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரை ஒரு மணி நேரம் ஊறவைத்து, பையைத் தூக்கி வடியவிட்டு, மிஞ்சும் இனிப்பு நீரை அங்கேயே கொதிக்கவைத்துவிடலாம்.

கெண்டூரி விருந்துக்குச் சோறு ஆக்கும் பெரிய அலுமினியப் பானை ஜார்ஜ்டவுன் பாத்திரக் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அலுமினியம் பீரைக் கெடுத்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. புதுப் பானையில் ஒரு தடவை தண்ணீரைக் கொதிக்கவைத்தால் உட்புறம் மங்கலான ஆக்சைடு படலம் படியும், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்காமல் விட்டுவிட வேண்டும். எவர்சில்வர் வேண்டுமென்றால் 304 தரம் நல்லது. ஆனால் காந்தம் ஒட்டாததால் அது 304 என்று கடைக்காரர் சொல்வதை நம்பிவிட முடியாது, ஏனெனில் மலிவான 201 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டுவதில்லை.

பைக்கு லெபோ பசார் பக்கத்துத் துணிக்கடையில் சாயமேற்றாத வெள்ளை பாலியஸ்டர் ‘வாயில்’ (voile) என்னும் மெல்லிய துணியை வாங்கினேன். பருத்தி, சாற்றைக் குடித்துக்கொள்வதோடு சீக்கிரம் அடைத்தும் கொள்கிறது. ஊறிய தானியம் 9 கிலோவைத் தொடும் என்பதால், தையற்காரரிடம் கைப்பிடி நாடாவைப் பையின் அடிவரை ஓடவிட்டு இரட்டைத் தையல் போடச் சொன்னேன். பை அடிப்பிடிக்காமலிருக்க, ஆவியில் வேகவைக்கும் தட்டு ஒன்றைப் பானைக்குள் கவிழ்த்து வைத்தால் போதும். தானியத்தை விற்பவரிடமே உடைத்து வாங்குவதுதான் உத்தமம். நம் மிளகாய் மில்லில் கொடுத்தால் பீரில் ரசம் மணக்கும்!

அடுக்குமாடி வீட்டில் உயர் அழுத்த கேஸ் அடுப்பு சரிவராது, மின்சாரம்தான் வழி. 28 லிட்டர்த் தண்ணீரை 28 பாகையிலிருந்து 68 பாகைக்கு ஏற்ற, 13 ஆம்பியர் பிளக் தாங்கக்கூடிய 3 கிலோவாட் மின்சூட்டுச் சுருளுக்கு ஏறக்குறைய 26 நிமிடம் ஆகும். 2 கிலோவாட் என்றால் 39 நிமிடம். காத்திருக்கப் பொறுமை உள்ளவர்களுக்குச் சின்னச் சுருளே போதும்.

என் கருத்தில், பானையில் மிச்சம் பிடித்த காசு முழுவதும், கொதித்த சாற்றை ஈஸ்ட் சேர்க்கும்முன் ஆறவைக்கும் குளிரூட்டலுக்குத்தான் போக வேண்டும். மேலைநாட்டுக் குறிப்புகள் எல்லாம் குழாய்த் தண்ணீர் 15 பாகையில் வரும் என்ற நினைப்பில் எழுதப்பட்டவை. நம் குழாயில் வருவதோ 28, 29. ஏர்கோன் பழுதுபார்ப்பவர்கள் பயன்படுத்தும் 3/8 அங்குலச் செம்புக் குழாய் 15 மீட்டர்ச் சுருளாக விற்கப்படுகிறது. அதைச் சிறு வாளி ஒன்றின்மீது மெதுவாகச் சுற்றினால் பானைக்குள் இறக்கி உள்ளே தண்ணீரை ஓடவிடும் குளிரூட்டிச் சுருள் தயார், ஆயத்தச் சுருளின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். கொதிநீரில் சோதித்தபோது 40 பாகைவரை விறுவிறுவென்று இறங்கி, அதன்பின் நகர மறுத்தது, தண்ணீரே 29 பாகையில் இருக்கும்போது வேறென்ன எதிர்பார்ப்பது! கடைசிக் கட்டத்துக்கு, மீன்தொட்டிப் பம்பு ஒன்றைப் பனிக்கட்டி போட்ட வாளியில் வைத்து அந்த நீரையே சுற்றவிட வேண்டும்.

நொதிக்கும் கட்டத்திலும் அதே வெயில்தான் வில்லன். ஏல் என்னும் பீர் வகைக்கான சாதாரண ஈஸ்டுக்கு 18 முதல் 20 பாகை வேண்டும். அதற்குப் பழைய குளிர்பதனப் பெட்டியும், அதை இயக்கி நிறுத்தும் எஸ்டிசி 1000 போன்ற வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவை. பெட்டியை அவன் அங்கேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று கருவியை மட்டும் வாங்கினேன். பெட்டி அமையும்வரை நார்வே நாட்டுப் பண்ணைகளின் குவைக் ஈஸ்டைப் பயன்படுத்தலாம், அது 35 பாகையிலும் குறை சொல்லாமல் வேலை செய்யும்.

நொதிக்கவைக்க, அடியில் 2 (எச்டிபிஇ பிளாஸ்டிக்கைக் குறிக்கும் எண்) என்று முத்திரையிட்ட, உணவுத் தர 30 லிட்டர் மூடிவாளி போதுமானது. உள்ளே கீறல் விழாமல் கழுவ வேண்டும், கிருமி குடியிருப்பது அங்கேதான். 20 பாகைக்கு அளவிடப்பட்ட அடர்த்திமானி, 30 பாகைச் சாற்றில் 0.002 அல்லது 0.003 குறைத்துக் காட்டும் என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டேன். பீரை அடைக்க, காற்றடைத்த பானங்கள் வரும் பழைய பிளாஸ்டிக் போத்தல்களே போதும். அவை அழுத்தத்தைத் தாங்கும், கையால் அமுக்கிப் பார்த்தே உள்ளே காற்று ஏறிவிட்டதா என்று சொல்லிவிடலாம். ஆகவே மூடி அடிக்கும் கருவியைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.