உருண்டை எல்லாம் உருண்டு வந்ததல்ல

பெப்ரவரி 11
இலங்கை மலைநாட்டின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்குகிறது. நீர்மட்டம் சில நாள் ஒரே உயரத்தில் நின்ற இடமெல்லாம் சிற்றலை அரித்த ஒரு படி தெரிகிறது. படிகளின் மேல் கல் பரவிக் கிடக்கிறது. கடற்கரைக் கூழாங்கல்லைப் போல இதை எண்ணிவிடக் கூடாது. கடலில் அலை காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடி வந்து உடைகிறது. இங்கே அதற்குச் சில கிலோமீட்டர் ஓட்டம்கூடக் கிடைப்பதில்லை. அந்த அலை மண்ணைக் கரைத்துக்கொண்டு போகும். கல்லைக் கல்லோடு உரசி மழுக்க அதற்கு வலுவில்லை. மண் போனபின் உள்ளே இருந்த கல் மீந்து மேலே நிற்கிறது. முனை கெடாமல் கோணக்கல்லாகவே கிடப்பது அதனால்தான்.

பழைய தேயிலைக் கட்டைகள் தெரியும் இடத்தில், போன மண்ணை அளந்தே பார்க்கலாம். வேர் பிரியும் கழுத்திலிருந்து இன்றைய தரை வரை நேர்குத்தாக அளக்க வேண்டும். கட்டையின் மேற்புறம் மண் தேங்கும், கீழ்ப்புறம் அளவுக்கு மீறிப் பறியும். பக்கவாட்டில் எடுத்த அளவே சரி. ஒரு கட்டையை நம்பாமல் பத்தையாவது அளந்து நடு அளவை எடுக்கவும்.

பெப்ரவரி 18
எந்த அளவுக் கல் எவ்வளவு கிடக்கிறது என்று அறிய, கல் எண்ணும் முறை. 20 மீட்டர் நாடாவைக் கரைக்கு இணையாக விரித்து, 20 சென்ரிமீட்டருக்கு ஒரு கல்லாக 100 கல். கண்ணை வேறு பக்கம் திருப்பி, விரல் நுனியில் முதலில் படும் கல்லைத்தான் எடுக்க வேண்டும். பார்த்து எடுத்தால் கை பெரிய கல்லுக்கே போகும், கணக்கு முழுவதும் பெருத்துவிடும். மணல் பட்டால் '2 மில்லிமீட்டருக்குக் கீழ்' என்று எழுதுக. விட்டுவிட்டு அடுத்த கல்லுக்குத் தாவக் கூடாது. ஒரே பெரிய கல் இரண்டு குறியில் வந்தால் இரண்டு முறை எழுதுக.

அளப்பது நீளத்தையும் அல்ல, தடிப்பையும் அல்ல, நடு அச்சை, அதாவது அகலத்தை. சதுர ஓட்டையில் கல் நுழையுமா என்பதைத் தீர்மானிப்பது அதுதான். மெல்லிய பிளைவுட் பலகையில் 8, 11, 16, 22, 32, 45, 64, 90, 128 மில்லிமீட்டர் சதுரங்கள் வெட்டிக்கொண்டால் வேலை பாதியாகும். வோல்மன் என்ற ஆற்று ஆய்வாளர் 1954இல் ஆற்றுக் கல்லுக்காகச் சொன்ன முறை இது. 4 முதல் 64 மில்லிமீட்டர் வரை கூழாங்கல், 256 வரை உருளைக்கல், அதற்கு மேல் பாறாங்கல்.

மார்ச் 3
கெசல்கமு ஓயா என்ற ஆறு காசல்ரீயில் வந்து விழும் பக்கம். இங்கே கல்லின் முகமே வேறு: முனை இல்லை, மேற்பரப்பு வழவழப்பு. ஆறு உருட்டிய கல். தட்டையான கற்கள் கூரை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருக்கின்றன. மேல் விளிம்பு ஆறு போகும் திசையைக் காட்டுகிறது. தண்ணீர் வற்றிய ஓடையிலும் ஓட்டம் எந்தப் பக்கம் இருந்தது என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். கடற்கரையில் தட்டைக்கல் கடலை நோக்கிச் சரிந்து கிடக்கும்.

வடிவத்துக்கு மூன்று அச்சும் வேண்டும். நீளம் 120, நடு 90, தடிப்பு 40 என்றால், நடுவை நீளத்தால் வகுக்க 0.75, தடிப்பை நடுவால் வகுக்க 0.44. முதலாவது மூன்றில் இரண்டுக்கு மேல், இரண்டாவது அதற்குக் கீழ்: இது தட்டுக்கல். சிங் (Zingg) என்ற ஆய்வாளர் 1935இல் வகுத்த எல்லை. ஆனால் பாறையே பட்டை பட்டையாகப் பிளக்கும் சாதியானால், எந்தத் தண்ணீர் உருட்டினாலும் தட்டாகத்தான் வரும். வடிவத்தை மட்டும் பார்த்து 'அலை செய்தது' என்று முடிவு கட்டுபவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். ஒரே சாதிக் கல்லை ஒரே சாதிக் கல்லோடுதான் ஒப்பிட வேண்டும்.

அலை செய்யக்கூடியதைப் பார்க்க இங்கிலாந்தின் செசில் கடற்கரையை நினைக்கலாம். ஏறத்தாழ 29 கிலோமீட்டர் நீளத்தில், மேற்கு முனையில் பட்டாணி அளவில் தொடங்கும் கல், போர்ட்லண்ட் முனைக்கு வரும்போது முட்டையைவிடப் பெரிதாகிறது. அப்படியான தரம்பிரிப்பு நம் தேக்கக் கரையில் கிடையாது.

மார்ச் 10
மூன்றாவது வகைக் கல், உருண்டைதான், ஆனால் ஆற்றுப் பக்கமோ அலைப் பக்கமோ போகாதது. தேயிலை மலையில் செடிகளுக்கு நடுவே யானை படுத்ததுபோல் கிடக்கும் பாறாங்கற்கள். ஆறு அவ்வளவு உயரத்தில் ஓடியது என்று பலர் சொல்வதுண்டு. இல்லை. நிலத்துக்குள் பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி உக்கச் செய்கிறது. முகத்தில் ஒரு பக்கமாகத் தாக்குகிறது, விளிம்பில் இரண்டு பக்கம், மூலையில் மூன்று பக்கம். ஆகவே மூலை முதலில் கரைந்து, நடுவில் உருண்டை மிஞ்சுகிறது.

சோதனை எளிது. சுத்தியலால் ஓரத்தில் ஒரு சில்லு எடுத்துப் பாருங்கள். உக்கிய கல்லில் பழுப்பு நிறத் தோல் வெங்காயச் சருகாகக் கழலும். ஆற்றுக் கல்லில் அந்தத் தோல் இராது. மேற்பரப்புவரை இறுகிய கல்தான்.

இது வெறும் பெயர் வைக்கும் வேலை அல்ல. இந்தக் கல்லைத் தாங்கி நிற்பது உக்கிய மண் மட்டுமே. லய வீடுகளுக்குப் பின்னால் மண் வெட்டும்போது கல்லுக்கு அடியில் தோண்டவே கூடாது. கல்லுக்கு மேற்பக்கம் கான் (வடிகால்) வெட்டி மழைநீரை விலக்கிவிட வேண்டும். மேலே புது வெடிப்போ, அடியில் மண் உதிர்ந்த குழியோ தெரிந்தால், கீழே இருக்கும் ஆட்களை அப்புறப்படுத்திவிட்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்கவும். மண்சரிவு அபாயத்தைப் பார்ப்பது அவர்கள்தான்.

மார்ச் 17
கல் சாதி. பச்சை கலந்த கருமை, உடைத்தால் எண்ணெய் பூசினதுபோல் மினுக்கம்: சார்னோக்கைட். வெள்ளை, கண்ணாடியைக் கீறும்: குவார்ட்சைட், வெங்கச்சாங்கல்லையும் இதோடு குழப்புவார்கள், அது பாறைக்குள் நரம்பாக ஓடும். சிவப்பு மணி புடைத்திருந்தால் கார்னெட் உள்ள பாறை. சுற்றியுள்ளது தேய, கார்னெட் தேயாமல் நிற்கிறது. சலவைக்கல் ஆற்றில் நெடுந்தூரம் தாங்காது. அது தண்ணீரில் கரையும் கல்லும்கூட. 1992இல் சமனலவெவ நீர்த்தேக்கத்தில் கரை வழியாக நீர் கசிந்ததற்கு அந்தச் சாதிப் பாறையின் பொந்துகள்தான் காரணம்.

மார்ச் 30
மவுசாக்கலை நீர்த்தேக்கம். அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயில் எச்சங்களைப் பார்க்க ஆட்கள் இறங்குகிறார்கள். கல் பரவிய தரையில் நடக்கலாம். வெடித்த சேற்றுப் பரப்பில் இறங்கக் கூடாது. மேல் ஓடு காய்ந்திருக்கும், அடியில் களி. நீளத் தடியால் குத்திப் பார்த்து, தடி தானாக இறங்கினால் திரும்பிவிடவும்.

ஏப்ரல் 12
பின்னேர இடிமழை தொடங்கிவிட்டது. ஓயாவில் தண்ணீர் கலங்கி, மிதந்து வரும் இலை கூடினால் மேலே மழை கொட்டுகிறது என்று பொருள். உடனே மேடேற வேண்டும். அலை கல்லைப் புரட்டுகிறதா என்று பார்க்க, அடையாளத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த 30 கல்லைக் காசல்ரீ கரைப் படியின் விளிம்பில் வைத்திருக்கிறேன். கல்லை நன்றாக உலர்த்தி, ஒரு பக்கம் மட்டும் அடித்து, அந்தப் பக்கம் மேலே இருக்க வைத்தது. தண்ணீர் திரும்ப இறங்கும்போது எத்தனை புரண்டிருக்கின்றன என்று எண்ணலாம்.